எருக்குக்கு ஒரு அமெரிக்கத் தங்கை

(கோவில்பட்டியில் ஒரு கல்லூரித் தாவரவியல் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'வறட்சியை வென்ற மலர்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அது நான் கொடுத்த தலைப்பு இல்லை. மன்றச் செயலாளர் தம்பி ஆசைப்பட்டுப் போட்டது. போகட்டும். ஆனால் அந்த 'வென்ற' என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நான் 11 ஆண்டு அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில் வேலை பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கையகல மண். ஒரு செப்டம்பரில் நாற்றுப் பண்ணைக்குப் போனபோது ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் செடி என்று ஒரு தொட்டியைக் காட்டினார்கள். பூக்காலம் முடிந்துவிட்டது, படம்தான் இருந்தது. செருகியிருந்த அட்டையில் 'வறட்சி தாங்கும்' என்று போட்டிருந்தது. கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தை போதாதா? வாங்கி வந்து நட்டேன். பனி வந்தது, செடி கருகி மடிந்தது. அடுத்த ஏப்ரலில் தோட்டத்தில் எல்லாம் துளிர்த்தன. இது மட்டும் இல்லை. மே மாதம் முதல் வாரமும் போனது. செத்துவிட்டது என்று முடிவுகட்டி, தக்காளி வைக்கலாமென்று மண்வெட்டியைப் போட்டேன். 'சதக்' என்று எதிலோ இறங்கியது. தோண்டிப் பார்த்தால் முள்ளங்கிபோல் வெள்ளை வெளேரென்று ஒரு வேர், குறுக்கே இரண்டு துண்டாய். அதன் தலையில், மண்ணுக்கு ஒரு விரல் கீழே, அரிசி மணி அளவுக்கு நாலைந்து மொட்டுகள். பக்கத்து வீட்டு அம்மையார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றார். அந்த ஊரில் எல்லாரும் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

செடியின் அறிவியல் பெயர் அஸ்கிளிபியாஸ் டியூபரோசா. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. அஸ்கிளிபியஸ் கிரேக்கர்களின் வைத்தியக் கடவுள். டியூபரோசா என்றால் கிழங்குபோல் தடித்தது. ஆக, பெயரிலேயே வேர் இருக்கிறது, பூ இல்லை. ஊர்ப்பெயர் பட்டர்ஃப்ளை வீட். நேராகச் சொன்னால் பட்டாம்பூச்சிக் களை. களை என்று பெயர் வைத்துவிட்டு, இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் தொடங்கித் தெற்கே ஃபுளோரிடா, மேற்கே அரிசோனா வரைக்கும் இயற்கையாகவே வளர்கிற செடி. பிரெய்ரி என்று சொல்கிறோமே, அந்த நடுப்பகுதிப் பெரும் புல்வெளியில் மணற்பாங்கான மேடுகள், சரளைச் சரிவுகள், ரயில் பாதை ஓரங்கள் இதற்கு உகந்த இடம்.

ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடி உயரம் வரும். தண்டும் இலையும் சொரசொரவென்று ரோமத்தோடு இருக்கும். இலை ஒடுக்கமாக ஈட்டிமுனைபோல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தண்டு உச்சியில் ஆரஞ்சுக் குடைகள். இடத்துக்கு இடம் நிறம் மாறும். மஞ்சளும் உண்டு, செம்மை கூடியதும் உண்டு. பச்சைப் புல்லுக்கு நடுவே தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ காவித் துண்டைப் போட்டுவிட்டுப் போன மாதிரி தெரியும்.

என் தாயார் ஒரு கோடையில் அங்கே வந்திருந்தார்கள். பூவைப் பார்த்து, "நல்லாருக்கு" என்றதோடு சரி. இது நம்ம எருக்குக்குச் சொந்தம்மா என்றேன். நம்பவில்லை. ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தார்கள். "பால் எங்க? பால் இல்லாம என்னப்பா எருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அஸ்கிளிபியாஸ் இனத்தை ஆங்கிலத்தில் பால்களை என்கிற பொருளில்தான் அழைக்கிறார்கள். ஒடித்தால் வெள்ளைப் பால் ஒழுகும். அந்தக் கூட்டத்தில் இது ஒரு விதிவிலக்கு, வடிவது தெளிந்த நீர். மற்றவற்றுக்கு இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும், இதற்கு மாறி மாறி. அம்மாவிடம் தோற்றுப்போய் விட்டுவிட்டேன். செப்டம்பர் கடைசியில் காய் முற்றியது. நாலைந்து அங்குல நீளம், நடு பருத்து நுனி கூர்ந்து, மேல்நோக்கி நிற்கிற காய். ஒருநாள் காலையில் அது வெடித்துப் பட்டுப் பஞ்சோடு விதை பறந்தபோது, சன்னலில் இருந்து அம்மாவின் குரல்: "ஏம்ப்பா, இது எருக்கங்காய்லப்பா!" உறவைக் கண்டுபிடிக்கச் சரியான இடம் காய்தான். அரளி, நித்தியகல்யாணி, நன்னாரி, எருக்கு, இந்தச் செடி, எல்லாம் இன்றைய வகைப்பாட்டில் ஒரே குடும்பம்.

இன்னொரு சாட்சியும் உண்டு, அது கொஞ்சம் அருவருப்பானது. கோடையில் எருக்கங்குருத்தில் மஞ்சளாய் அப்பிக்கொண்டிருக்குமே அசுவினி, கறுப்புக் கால்களோடு? அதே அசுவினிதான், அச்சு அசலாக, என் இல்லினாய்ச் செடியிலும் அப்பியிருந்தது. உலகம் முழுக்கப் பரவிய பூச்சி அது. சொந்தபந்தம் நமக்குத் தெரிவதற்கு முன்பே அதற்குத் தெரிந்திருக்கிறது.

பூவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்த பிறகு நீங்கள் எருக்கம்பூவைச் சும்மா கடந்து போகமாட்டீர்கள். மற்றப் பூக்களில் மகரந்தம் தூள். தேனீ மேலெல்லாம் பூசிக்கொண்டு போகும். இந்தக் குடும்பத்தின் எருக்குக் கிளையில் அப்படிக் கிடையாது. மகரந்தம் மெழுகுபோல் இறுகி, பொட்டலமாகக் கட்டிவைத்திருக்கும். டியூபரோசாவில் ஐந்து இதழும் கீழ்நோக்கி மடிந்திருக்க, மேலே ஐந்து சிறு கிண்ணங்கள் தேனோடு நிமிர்ந்து நிற்கும். நடுவில் ஒரு தூண். தூணில் ஐந்து வெடிப்பு, ஒவ்வொன்றின் தலையிலும் கடுகைவிடச் சின்னதாய் ஒரு கறுப்புப் புள்ளி. பூ வழுவழுப்பானது, தேன் குடிக்க வந்த பூச்சிக்குக் கால் வழுக்கும். வழுக்கிய கால் வெடிப்புக்குள் போகும். மேலே இழுக்கும்போது கறுப்புப் புள்ளி கவ்விக்கொள்ளும். அது புள்ளி இல்லை, கவ்வி. அதன் இரு பக்கமும் இரண்டு மெல்லிய கைகள், கைகளின் நுனியில் இரண்டு மஞ்சள் பொட்டலம். ஊசியால் எடுத்து லென்ஸில் பார்த்தால் அப்படியே ஒரு குட்டிக் காவடி. பூச்சி அந்தக் காவடியைக் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போக வேண்டும், அங்கே வேறொரு வெடிப்பில் பொட்டலம் சரியாகச் செருகி உடைய வேண்டும். அப்போதுதான் காய். சின்ன ஈக்களுக்குக் காலை இழுத்துக்கொள்ளவே பலம் போதாது. மாட்டிக்கொண்டு அங்கேயே செத்துக் காய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நூறு பூ பூத்தால் ஓரிரண்டு காய்த்தாலே பெரிது. தன் மகரந்தம் தனக்கே பட்டாலும் பொதுவாகக் காய் பிடிக்காது, ஒற்றைச் செடி வைத்தவர்கள் காய் இல்லை என்று புலம்புவது அதனால்தான்.

சரி, வறட்சிக்கு வருகிறேன்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜான் வீவர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். இந்த விஷயத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் பேசக்கூடாது. மற்றவர்கள் செடியை மண்ணுக்கு மேலே வரைந்துகொண்டிருந்த காலத்தில் இவர் கீழே வரைந்தார். செடிக்குப் பக்கத்தில் ஆள் இறங்குகிற ஆழத்துக்குக் குழி வெட்டுவார். குழிக்குள் நின்றுகொண்டு, கூர்மையான சின்னக் குத்தூசியால் பக்கச் சுவரின் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து, ஒவ்வொரு வேராக வெளியே கொண்டுவந்து, அளந்து, கட்டம் போட்ட தாளில் வரைவார். வேர்களைப் பற்றிய அவருடைய முதல் பெரிய நூல்களில் ஒன்று 1919இல் வந்தது. அந்தப் படங்களைப் பார்த்தால் தாளின் மேல் ஓரத்தில் செடி கொஞ்சூண்டு நிற்கும், மிச்சத் தாள் முழுவதும் வேர். பிரெய்ரிச் செடிகளில் சில 10, 15 அடிக்குக் கீழே போகின்றன. டியூபரோசா அந்த அளவுக்குப் பெரிய சாதனைக்காரி இல்லை. ஆனால் பல அடி இறங்குகிற ஒற்றை ஆணிவேர், தடித்து, மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருப்பது.

1930களில் பெரு வறட்சி வந்தது. அங்கே 'தூசிக் கிண்ணம்' என்று சொல்கிறார்களே, அந்தக் காலம். 1934இல் நெப்ராஸ்கா, கன்சாஸ் பக்கத்தில் புற்கள் ஏக்கர் ஏக்கராகச் செத்தன. வீவரும் அவருடைய சகா ஆல்பர்ட்சனும் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார்கள். மேல்மண்ணில் வேரோடிய செடிகள் முதலில் போயின. ஆழ வேர்விட்டவை, மேலே உள்ள தண்டு குட்டையாகி, இலை குறைந்து, சில பூக்காமலேகூட, பிழைத்துக் கிடந்தன. வீவர் 20 வருஷமாக வரைந்துகொண்டிருந்த படங்களுக்கு வானமே தேர்வு வைத்த மாதிரி ஆயிற்று.

'வென்ற' என்ற சொல்லோடு என் வழக்கு இங்கேதான். மழை பொய்த்த வருஷம் இந்தச் செடி மல்லுக்கு நிற்பதில்லை. ஆழத்தில் மிச்சமிருக்கிற ஈரத்தை எடுத்துக்கொள்ளும். முடியாவிட்டால் மேலே செலவைக் குறைத்துக்கொண்டு கீழே போய்விடும். நம் எருக்கின் வழி வேறு. அது சித்திரை வெயிலில் ரோட்டோரம் அத்தனை இலையோடும் நிற்கும். இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் மெழுகு, உள்ளே பால். ஆடும் லேசில் கடிக்காது, வெயிலும் லேசில் உறிஞ்சாது. அக்காள் வாசலில் நின்று சமாளிக்கிறவள், தங்கை உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள். சாத்துவதற்கு அவளுக்குக் காரணமும் இருக்கிறது. அந்த ஊரில் மழைக்கு அவ்வளவு பஞ்சமில்லை. இல்லினாயின் ஆண்டுச் சராசரி சுமார் 100 செ.மீ., தமிழ்நாட்டுச் சராசரியை விடக் குறைவு என்று சொல்ல முடியாது. பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போகிற குளிர்காலம், வசந்தத்தில் புல்லைக் கொளுத்திக்கொண்டு வருகிற நெருப்பு, கோடையில் மழையில்லாத வாரங்கள் என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாகத்தான் அது வேரை வைத்திருக்கிறது. பிரெய்ரியைப் பராமரிக்கிறவர்கள் இன்றும் சில ஆண்டுக்கு ஒருமுறை வேண்டுமென்றே தீ வைக்கிறார்கள். மரக்கன்றுகள் கருகும். மே பாதிவரை தலைகாட்டாத செடிக்கு ஏப்ரல் தீ என்ன செய்யும்?

இதற்குச் செடி கொடுக்கிற விலை காலம். விதை போட்ட முதல் வருஷம் மேலே அரை அடிகூட வராது. ஈர்க்குச்சி மாதிரி ஒன்று நிற்கும். அந்த வருஷத்துச் சம்பாத்தியமெல்லாம் கீழே போகிறது. இரண்டாம் வருஷம் ஓரிரண்டு தண்டு. மூன்றாம் வருஷம்தான் பெரும்பாலும் பூ. பிறகு வருஷா வருஷம் தலைப்பகுதி அகன்று, ஐந்து, பத்து தண்டு என்று கூடும். பல ஆண்டு இருக்கும். அட்டையில் 'வறட்சி தாங்கும்' என்று போடுகிறவர்கள் 'மூன்று வருஷத்துக்குப் பிறகு' என்று அடியில் ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டாமல், தாங்குமே தாங்குமே என்று காயப்போட்டுச் சாகடிப்பவர்கள் ஒரு வகை. வேர்விட்டு நிலைத்த பிறகும் பாசத்தால் தினம் ஊற்றிச் சாகடிப்பவர்கள் இன்னொரு வகை. களிமண்ணில் தண்ணீர் தேங்கினால், அதுவும் குளிர்காலத்தில் தேங்கினால், அந்தக் கிழங்கு வேர் அழுகிவிடும். உரமும் வேண்டாம், போட்டால் தண்டு கொழுத்துச் சாயும். நிழலும் ஆகாது. இடம் மாற்றவே கூடாது. ஆணிவேர் முழுசாக வராது. ஐந்து வருஷச் செடியைத் தோண்டி எடுத்து நண்பருக்குக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். செடியும் பிழைக்கவில்லை, நட்பும் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.

விதைக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. பறித்து வந்து அப்படியே போட்டால் முளைப்பது குறைவு. பனிக்காலத்தின் ஈரக் குளிரைக் குறைந்தது ஒரு மாதமாவது அனுபவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலையுதிர் காலத்தில் முளைத்து, டிசம்பரில் மாட்டிக்கொள்ளுமே! எனவே விதையை ஈர மணலில் கலந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறோம். எங்கள் வீட்டில் அது இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவே 40 நாள் இருந்தது. என் மனைவி அதைப் பற்றிச் சொன்னவற்றை இந்த மேடையில் சொல்ல முடியாது.

வேரைப் பற்றிப் பேசும்போது மருந்தை விட்டுவிட முடியாது. அமெரிக்கப் பழங்குடிகள் இதன் வேரை நெஞ்சு நோய்களுக்குப் பயன்படுத்தினார்கள். குடியேறிய வெள்ளையர்களும் கற்றுக்கொண்டார்கள். 'புளூரிசி வேர்' என்றே பெயர். நுரையீரலைச் சுற்றிய உறை அழற்சிக்குக் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலில் இருந்தது. எருக்கு வகையறா என்பதை நினைவில் வையுங்கள். அளவு மிஞ்சினால் நஞ்சு. யாரும் வீட்டில் பரிசோதிக்க வேண்டாம்.

இந்தச் செடி நின்ற பூமி என்ன ஆனது என்பதையும் ஒரு வார்த்தை. 1837இல் இல்லினாயின் கிராண்ட் டிடூர் என்ற ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகு முகம் வைத்த கலப்பை செய்தார். அதுவரை வார்ப்பிரும்புக் கலப்பையில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கிய பிரெய்ரி மண் இதில் வழுக்கிக்கொண்டு புரண்டது. அந்த மண் அத்தனை கறுப்பாக, வளமாக இருந்ததற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு கீழே செத்து மக்கிய வேர்களே காரணம். வேர் சேர்த்த சொத்தைத்தான் சோளமும் சோயாவும் இன்று தின்கின்றன. இல்லினாயில் ஒரு காலத்தில் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்ததாகக் கணக்கு. கலப்பை படாத நல்ல பிரெய்ரியாக மிஞ்சியது ஏறக்குறைய 2,500 ஏக்கர். அதுவும் எங்கே? ரயில் பாதை ஓரத்துத் துண்டு நிலங்களில், முதல் குடியேறிகளின் பழைய கல்லறைத் தோட்டங்களில். கல்லறையை உழ யாருக்கும் மனம் வரவில்லை, பூக்கள் தப்பின.

எஞ்சியதைப் பார்த்துத்தான் திரும்ப உண்டாக்கக் கற்றார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் 1930களில், அதே வறட்சிக் காலத்தில், வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு பழைய பண்ணை நிலத்தில் பிரெய்ரியை நட்டார்கள். சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் அந்த முயற்சியில் இருந்தவர். இன்று அதற்குக் கர்டிஸ் பிரெய்ரி என்று பெயர். நான் போனது ஒரு ஜூலையில். 80 வருஷம் தாண்டியும், உழாத பிரெய்ரி போல முழுசாக ஆகவில்லை என்று அங்கேயே சொல்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பட்டாம்பூச்சி என்று பெயரில் இருக்கிறதே, அதற்கு வருகிறேன். மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அஸ்கிளிபியாஸ், அதன் நெருங்கிய உறவுச் செடிகள் இவற்றின் இலை தவிர வேறெதையும் தின்னாது. நம்மூரில் எருக்கிலையில் முட்டையிடும் வெந்தய வரியன் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் ஒரே பேரினம். மோனார்க் இலையுதிர் காலத்தில் 4,000 கிலோமீட்டர் வரை பறந்து மெக்சிகோ மலைக்காடுகளுக்குப் போகிறது. அது தங்கும் மரங்களை வெளி உலகம் கண்டுபிடித்ததே 1975இல்தான். களைக்கொல்லியைத் தாங்கும் சோயா 1996இல் வந்த பிறகு, வயலில் பயிர் தவிர எல்லாம் கருகின. 1999க்கும் 2010க்கும் இடையே அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியில் பால்களைச் செடிகள் 58 சதவீதம் குறைந்தன என்று பிளெசன்ட்ஸ், ஓபர்ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். குறைந்தது பெரும்பாலும் வயலில் வளர்கிற சாதாரணப் பால்களை, டியூபரோசாவின் இன்னொரு அக்காள். ஆனால் மக்கள் வாங்கி நட்டது அழகான தங்கையை. மோனார்க்கைக் கேட்டால் அக்காளைத்தான் கேட்கும். தங்கையில் நஞ்சுச் சத்து குறைவு, முட்டையிட இரண்டாம்பட்சம்தான்; தேனுக்கு வேண்டுமானால் தாராளமாக வரும். இதைச் சொன்னால் நாற்றுப் பண்ணைக்காரர்களுக்குக் கோபம் வரும்.

அந்த அக்காளுக்கு ஒரு யுத்தக் கதை உண்டு. உயிர்காப்பு மிதவைச் சட்டைக்குள் அடைத்தது ஜாவாவிலிருந்து வந்த இலவம்பஞ்சு. 1942இல் ஜாவா ஜப்பான் கைக்குப் போனதும் பஞ்சு நின்றது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் பால்களைக் காய் பொறுக்கச் சொன்னார்கள். இரண்டு மூட்டைக் காய்க்கு ஒரு சட்டை என்று கணக்கு. மிச்சிகனில் பெடோஸ்கி என்ற ஊரில் பஞ்சு பிரிக்கும் ஆலை ஓடியது. என் அம்மா சன்னல் வழியாகப் பார்த்த அதே பஞ்சு வகைதான், கடலில் சிப்பாய்களை மிதக்கவிட்டது.

விதை கொண்டுவந்திருக்கிறீர்களா, இங்கே போடலாமா என்று காலையில் ஒரு மாணவி கேட்டார். கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் மாட்டேன். குளிர் இல்லாமல் அது சரியாக வராது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அஸ்கிளிபியாஸ் குராசவிகா என்ற வெப்பமண்டல அமெரிக்கச் செடி ஏற்கெனவே வந்து, நம் மலையடிவார வாய்க்கால் ஓரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகக் குடியேறிவிட்டது. ஒரு விருந்தாளி போதும்.

என் மண்வெட்டியில் துண்டான செடியைக் கேட்கவே இல்லையே நீங்கள்? மேல் துண்டைத் திரும்ப நட்டேன், காய்ந்தது. குழியை மூடித் தக்காளி வைத்தேன். அடுத்த ஜூனில், தக்காளிக் கன்றுக்கு ஒரு சாண் தள்ளி, ரோமம் படர்ந்த ஒற்றைத் தண்டு மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. கீழே விட்ட பாதி வேர் அது. பூக்க இன்னும் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது. தக்காளியை நான் வேறிடத்துக்கு மாற்றிவிட்டேன்.

தேநீர் வந்துவிட்டது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். உள்ளே வரும்போது பார்த்தேன், கல்லூரிச் சுற்றுச்சுவருக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓர் எருக்கு நல்ல பூவில் நிற்கிறது. இரண்டு கருவண்டும் சுற்றுகின்றன. பையில் ஊசியும் நாலு கைலென்ஸும் வைத்திருக்கிறேன். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் வாருங்கள். காவடி எடுத்துக் காட்டுகிறேன். பால் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.